கசப்பு உட்காரும் பாட்டில்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நாக்கம்மாவை ஆய்வுக்கூடத்துக் கழிவறையில், சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாளோ என்று யாரும் பதற வேண்டாம். அன்று மாலையே முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. மருந்து கம்பெனியில் குழந்தைகளுக்கான சிரப் செய்கிறவள் அவள். எதுவானாலும் முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மேசைக்கு அனுப்புவாள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டம் அது. புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருடைய தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே குளியலறை, அதனால் காலையில் ஒரே சண்டை.

கையிலும் காலிலும் வாய்க்குள்ளும் கொப்புளம் போடுகிற அந்தக் காய்ச்சல் இந்த வருடமும் வந்திருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரத்தில் எழுந்து ஓடிவிடும். சிலருக்கு மட்டும் கிருமி மூளைக்கு ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் நாக்கம்மாவின் கம்பெனி ஆறு வருடம் பாடுபட்டு ஒரு மருந்தைக் கண்டுபிடித்து, நாத்தனாரின் வார்டில் பதினோரு வாரமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறது. பாதிப் பிள்ளைகளுக்கு அசல் மருந்து, மீதிப் பிள்ளைகளுக்கு மருந்தே இல்லாத டம்மி. ஒரே நிறம், ஒரே மணம், ஒரே கசப்பு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியக் கூடாது, நர்சுக்கும் தெரியக் கூடாது, பெற்றவளுக்கும் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் ஆசை கண்ணை மறைத்துவிடும். டம்மியை அசல் போலவே கசக்க வைக்கிற வேலை நாக்கம்மாவுடையது.

முடிவு என்ன வந்தது? அசல் குடித்தவர்களுக்கும் டம்மி குடித்தவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையாம். நாளை மூன்று மணிக்குக் கூட்டம். மருந்தைக் கை கழுவிவிடப்போகிறார்கள். அந்த அழுகை அதற்குத்தான்.

இனி இன்றைய நாள்.

காலை ஆறரை மணி. வேன்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கும் வண்டில எட்டே பேர். பன்னிரண்டு சீட் காலி. காத்தை ஏத்திக்கிட்டு ஊர் சுத்தறேன்," என்றார்.

அவருடைய எந்த அறுவைக்கும் முதலில் சிரிப்பவள் தங்கைதான். இன்று சிரிக்கவில்லை. டீயை ஆறவிட்டு, மேசைமேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"என்ன குட்டி?" என்றாள் நாக்கம்மா.

இருபத்தொன்பது வயதானாலும் அவள் குட்டிதான். நாக்கம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, தாயில்லாப் பிள்ளை. பேன் பார்த்தது, பின்னல் போட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் அண்ணிதான். தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லையே என்று யாராவது இழுத்தால், "அதான் ஒண்ணு இருக்கே, அதுக்கே தலை வாரி முடியலை," என்று நாக்கம்மா வாயை அடைத்துவிடுவாள்.

"பெட் நாலை நேத்து சாயங்காலம் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோயிட்டாங்க அண்ணி."

"யாரு, அந்த க்ளவுஸ் பாப்பாவா?"

நாத்தனார் தலையாட்டினாள். மூன்று வயதுப் பெண் அது. மருந்து என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். நர்ஸ் தன் க்ளவுஸை ஊதிக் கோழிக் கொண்டை மாதிரி தலையில் வைத்துக் காட்டினால்தான் திறக்கும். இந்தக் கதையை நாத்தனார் நாலு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"தேறிக்கிட்டுத்தான் இருந்தா. திடீர்னு கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் கண்ணைத் திறக்கலை." அவள் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "அது உட்கார்ற பாட்டில் பிள்ளை. அதுக்குப் போய் இப்படி ஆச்சே."

நாக்கம்மாவின் கை அப்படியே நின்றது. "என்ன பாட்டில்?"

சொல்லிவிட்டோமே என்று நாத்தனாரின் முகம் மாறியது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் சொன்ன நாலைந்து பொய்களும் அண்ணியிடம் அரை நிமிடம் தாங்கவில்லை.

"வார்டுல அப்படிச் சொல்வாங்க. ரெண்டும் கசக்கும் அண்ணி. ஆனா ஒண்ணு கசந்துட்டுப் போயிடும். இன்னொண்ணு நாக்குக்கு அடியில போய் உட்கார்ந்துக்கும். எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அது கிடைச்ச பிள்ளைங்கதான் சீக்கிரம் தேறுதுன்னு பேச்சு."

"நீ குடிச்சுப் பார்த்தியா?"

"நான் எதுக்கு? அம்மாங்க குடிச்சுப் பார்த்திருக்காங்க. சிரிஞ்சு நுனியை நக்கிப் பார்க்காம எந்த அம்மா பிள்ளை வாயில வைப்பா?"

பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். வேன்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "கசப்பு கசப்புதானே. அதுல என்ன நிக்கறது உட்கார்றது," என்றார்.

நாக்கம்மா டீயைக்கூடக் குடிக்காமல் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் ருசி அறை மாடியில் இருக்கிறது. மருந்தின் நிறம் தெரிந்துவிடாமலிருக்கச் சிவப்பு விளக்கு, பக்கத்து ஆளின் முகம் தெரியாமலிருக்கத் தடுப்புப் பலகை. ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் காகித டம்ளரில் தண்ணீர், தட்டில் உப்பில்லாத பிஸ்கட். சுவரில் நாக்கம்மாவே எழுதி ஒட்டிய விதி: 'ஒவ்வொரு மாதிரிக்கும் பிறகு வாயைக் கொப்பளித்து, பிஸ்கட் தின்று, நாக்கைச் சுத்தமாக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போகவும்.'

அவள் அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்தாள். அசல் ஒன்று, டம்மி ஒன்று. டம்மியை ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் கை தண்ணீர் டம்ளருக்குப் போனது. மற்றக் கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நாலு நிமிடத்தில் கசப்பு போய்விட்டது.

கொஞ்சம் பொறுத்து அசலை விட்டுக்கொண்டாள். நாலு நிமிடம், எட்டு நிமிடம், பன்னிரண்டு நிமிடம். நாக்குக்கு அடியில், இரண்டு ஓரத்திலும், வாடகை கொடுத்துக் குடிவந்தது போல உட்கார்ந்திருந்தது. இருபதாவது நிமிடம் அவளுக்குக் கண் கலங்கியது கசப்பினால் இல்லை.

சோதனை தொடங்குவதற்கு முன்னால் இதே அறையில் இருபத்திரண்டு பேரை உட்கார வைத்து அவள் நடத்திய ருசிப் பரீட்சை. இருபத்திரண்டு பேரும் 'வித்தியாசம் தெரியவில்லை' என்று எழுதினார்கள். எப்படித் தெரியும்? இரண்டாவது நிமிடமே எல்லோரையும் வாய் கொப்பளிக்க வைத்துவிட்டாளே. கசப்பு உட்காருவதற்கு முன்னால் அவளே அதைத் தண்ணீர் விட்டு அனுப்பிவைத்திருக்கிறாள்.

அந்த நோய் வந்த பிள்ளை தண்ணீர் குடிக்காது. வாயெல்லாம் புண். சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அலறும். இந்த நோயைப் பற்றித் தெருவில் போகிறவருக்குக்கூடத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். ஆறு வருடம் இந்த நோயோடு குடும்பம் நடத்தியவள் தண்ணீர் டம்ளரை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள். பரீட்சை முடிவுக்குக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறாள். இவளை என்ன சொல்ல? இவள் தன்னைத் தானே சொல்லிக்கொண்டதைப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

ஆனால் தாய்மார்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதோடு விஷயம் முடியவில்லையே. தெரிந்துகொண்டு என்ன செய்தார்கள்?

நேராகப் புள்ளி சாரிடம் போனாள். சோதனைக் கணக்கெல்லாம் அவர் கையில். எதையும் புள்ளியாக வைத்துக் கோடாக இழுத்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும்.

"சார், ரெண்டு கோடும் முதல் நாள்லேருந்தே ஒட்டிக்கிட்டுதான் போச்சா?"

"இல்லம்மா. முதல் ரெண்டு வாரம் நல்லாப் பிரிஞ்சுதான் இருந்துச்சு. மூணாவது வாரத்துல ஒட்டிக்கிச்சு. ஆரம்பத்துல பிள்ளைங்க குறைவு, அதனால தற்செயல்னு எழுதியிருக்கேன்."

"ஒட்டினது எந்தப் பக்கமா? அசல் கோடு கீழ இறங்குச்சா, டம்மிக் கோடு மேல ஏறுச்சா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. "ரெண்டும் நடுவுல வந்து சந்திக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன். டம்மிப் பிள்ளைங்க போன வருஷப் பிள்ளைங்களைவிட ஒரு நாள் முன்னாடியே தேறுது. இந்த வருஷம் கிருமிக்கு வீரியம் கம்மின்னு போட்டிருக்கேன்."

"மூணாம் நாள் பிள்ளைங்ககிட்ட எடுத்த ரத்தம் இருக்கா?"

"அசல் குடிச்ச பிள்ளைங்களோடதைப் பார்த்தாச்சு. மருந்து கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துச்சு, துப்பியிருக்கும்னு விட்டுட்டோம். டம்மிப் பிள்ளைங்களோடது ஃப்ரீசர்ல அப்படியே இருக்கு. அதுல மருந்தைத் தேடி என்ன பண்றது? கொடுக்காத மருந்து எப்படி வரும்?"

நாக்கம்மா பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். மத்தியான டோஸ் பன்னிரண்டு மணிக்கு. மணி பதினொன்றேகால் ஆகியிருந்தது.

குழந்தைகள் வார்டுக்கு வெளியே நீளமான கண்ணாடி ஒன்று இருக்கிறது. தொற்று நோய் என்பதால் வந்து போகிறவர்கள் அதற்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். உள்ளே பன்னிரண்டு கட்டில்கள். பெட் நாலில் விரிப்பை எடுத்துவிட்டு வெறும் மெத்தையை மடக்கி வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு அடித்ததும் நாத்தனார் தட்டோடு வந்தாள். பாட்டில் எண்ணைப் பார்த்து, அஞ்சு மில்லி இழுத்து, ஊசியில்லாத சிரிஞ்சை ஒவ்வொரு தாயின் கையிலும் கொடுத்தாள். சட்டப்படி அவள் அங்கேயே நின்று, பிள்ளை விழுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அவள் ஜன்னல் பக்கம் போய்த் திரையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். திரை ஒழுங்காகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பெட் ஏழின் தாய் சிரிஞ்சை நாக்கில் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைக்குப் பாதி கொடுத்தாள். மீதியை அப்படியே கொண்டுபோய் பெட் எட்டுப் பையனின் வாயில் வைத்தாள். பெட் எட்டின் தாய் தன் சிரிஞ்சில் பாதியை ஏழுக்குக் கொடுத்தாள். கணக்கு சரியாக இருக்க வேண்டுமல்லவா, எல்லோரும் அஞ்சு மில்லி குடித்ததாகவே இருக்கும். எதிர் வரிசையிலும் அதேதான் நடந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. ரொம்ப நாள் பழக்கம் என்பது கைகளிலேயே தெரிந்தது.

நாக்கம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. இந்தப் பெண்களில் ஒருத்திகூடத் தன் பிள்ளைக்குக் கிடைத்ததை முழுசாக வைத்துக்கொள்ளவில்லை. அந்த நல்ல மனசுதான் மருந்தைக் கொன்றுகொண்டிருக்கிறது. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கிடைக்க வேண்டியது, பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாதிப்பாதியாகப் போய் முடியப்போகிறது.

திரும்பிய நாத்தனார் கண்ணாடிக்கு வெளியே அண்ணியைப் பார்த்துவிட்டாள்.

மாடிப்படி ஓரத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"எப்போலேருந்து?"

"மூணாவது வாரம். இரட்டைப் பிள்ளைங்க வந்தாங்க அண்ணி. ஒண்ணுக்கு உட்கார்ற பாட்டில், ஒண்ணுக்குப் போற பாட்டில். அந்த அம்மா ரெண்டு பாட்டிலையும் கையில வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. 'ரெண்டும் என் பிள்ளைதானே சிஸ்டர், ஒண்ணை மட்டும் எப்படிம்மா'ன்னா. நான் என்ன சொல்லட்டும்?"

"சொல்லியிருக்கணும். இல்லேன்னா எங்களுக்குச் சொல்லியிருக்கணும்."

"அவ பாதி பாதியாக் கொடுத்தா. ரெண்டும் தேறிப் போச்சு. பக்கத்து பெட் பார்த்துச்சு. அப்புறம் நான் நிறுத்த நினைச்சாலும் நிறுத்த முடியலை." சீருடையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நான் எதுவும் பண்ணலை. அவங்களாப் பண்ணிக்கிட்டாங்க. நான் கண்டுக்காம இருந்தேன், அவ்வளவுதான்."

"நாளைக்கு மூணு மணிக் கூட்டத்துல இந்த மருந்து பிரயோஜனம் இல்லேன்னு எழுதி மூடப்போறாங்க குட்டி."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். முடிவு வந்த விஷயம் அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. "பிரயோஜனம் இல்லையா? நான் கண்ணால பார்த்திருக்கேனே."

"நீ பார்த்தது கணக்குல இல்லையே. எல்லாருக்கும் பாதி போனா வித்தியாசம் எங்கேருந்து வரும்?"

ஒரு மணி அடித்தது. "டெம்பரேச்சர் எடுக்கணும்," என்று சொல்லிவிட்டு நாத்தனார் உள்ளே போனாள். கதவருகே போய் ஒரு தடவை நின்றாள், ஏதோ சொல்ல வந்தவள் போல.

மாலை ஐந்து மணிக்கு நாக்கம்மா சாப்பாட்டு மேசையில் காகிதத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டைரக்டருக்குக் கடிதம். தண்ணீர் டம்ளர், பிஸ்கட், இரண்டு நிமிடம், எல்லாவற்றையும் எழுதி, 'தவறு முழுவதும் என்னுடையது' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள். எழுத வேண்டியதில் அது பாதிதான். மீதியை எழுதப் பேனா நகரவில்லை.

வேன்காரர் எதிரே உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"உன் தப்பை எழுதிட்டே இல்ல. அதோட விடேன்," என்றார் கடைசியில்.

"அதோட விட்டா, சோதனை செல்லாதுன்னு சொல்லி மூடிடுவாங்க. இன்னொரு தடவை பண்ண அவங்களுக்கு மனசில்லை. டம்மிப் பிள்ளைங்க ரத்தத்துல மருந்து இருக்குன்னு காட்டினாத்தான் மருந்து பிழைக்கும். அதைப் பார்க்கச் சொல்லணும்னா, ஏன்னு சொல்லணும். ஏன்னு சொன்னா, அந்த நேரம் வார்டுல யாரு நின்னாங்கன்னு கேப்பாங்க."

"அவ வேலை போயிடும்."

"வேலையோட போனாப் பரவாயில்லைங்க. நர்ஸ் வேலையே இனிமே எங்கேயும் பார்க்க முடியாம பண்ணிடுவாங்க."

"அப்ப விடு." அவர் குரல் தடித்தது. "நீ வளர்த்தவ அவ. காலையில எட்டுப் பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போறவன் நான். அந்தக் காலி சீட் ஒவ்வொண்ணும் யாரோடதுன்னு எனக்குத் தெரியும். மருந்து வேணாம்னு நான் சொல்வேனா? ஆனா என் தங்கச்சியக் கொடுத்துதான் வாங்கணும்னா, அதை நீ கேக்காத."

நாக்கம்மாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது அவளுடைய மனசே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. நாத்தனார் அங்கே எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. வந்து, பையைத் திறந்து, அட்டை போட்ட ஒரு நோட்டைக் கடிதத்தின்மேல் வைத்தாள்.

"என்னது?" என்றார் வேன்காரர்.

"படிங்க அண்ணி."

நாக்கம்மா பிரித்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. தேதி, நேரம், எந்த பெட்டிலிருந்து, எந்த பெட்டுக்கு, எத்தனை மில்லி, கொடுத்தவர் யார். மூன்றாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமையில் ஆரம்பித்துத் தினமும் மூன்று வேளை. இவள் வார்டில் இல்லாத நேரத்துக் கட்டங்களில், 'அம்மாக்களைக் கேட்டு எழுதியது' என்று ஓரத்தில் குறிப்பு. நாற்பது பக்க நோட்டு கிட்டத்தட்ட தீர்ந்திருந்தது.

"இதை எதுக்குடி எழுதி வெச்சே?" என்றாள் நாக்கம்மா.

"எழுதாம மருந்து கொடுக்கக் கூடாது அண்ணி. முதல் வருஷம் முதல் பாடம் அதுதான். தப்புன்னு தெரிஞ்சும் விட்டேன். எழுதாம விட மட்டும் மனசு வரலை."

நாக்கம்மா பக்கம் பக்கமாகத் திருப்பினாள். அவள் தொழில் மூளை தன்பாட்டுக்கு ஓடியது. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போனது என்பது மில்லி சுத்தமாக இருக்கிறது. இதையும் ஃப்ரீசரில் உள்ள ரத்தத்தையும் அருகருகே வைத்தால் புள்ளி சார் இரவோடு இரவாகப் புதுக் கோடு இழுத்துவிடுவார். மருந்தை யாராலும் மூட முடியாது. ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

'கொடுத்தவர்' என்ற கட்டத்தில் அதுவரை எல்லா வரியிலும் 'அம்மா' என்றுதான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் தனியாக ஏழு வரி. பெட் நாலிலிருந்து பெட் ஒன்பதுக்கு. இரண்டரை மில்லி, இரண்டரை மில்லி. கொடுத்தவர்: 'நான்'.

நாக்கம்மா தலையைத் தூக்கினாள்.

"ஒன்பதுக்கு அக்கம்பக்கம் எல்லாமே போற பாட்டில். பங்கு போட ஆள் இல்லை. ரொம்ப மோசமா இருந்தா," என்றாள் நாத்தனார். அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாலு தேறிட்டிருந்தா. சிரிச்சா. க்ளவுஸைக் கேட்டு வாங்கிக்கிட்டா. இனி இவளுக்குப் பாதி போதும்னு நானா நினைச்சேன். அவ அம்மா குளிக்கப் போற நேரமாப் பார்த்து எடுத்தேன். அந்த அம்மாவுக்குத் தெரியாது. இன்னிவரைக்கும் தெரியாது."

"குட்டி."

"ஒன்பது நேத்துக் காலையில வீட்டுக்குப் போயிட்டா. நாலு சாயங்காலம் ஐ.சி.யூ.வுக்குப் போனா. நான் எடுத்ததாலதானா அண்ணி?"

நாக்கம்மாவுக்கு அந்த மருந்தின் ஒவ்வொரு அணுவும் தெரியும். இதற்குப் பதில் தெரியாது. முழு டோஸ் குடித்தவர்களிலும் சிலருக்கு மூளைக்கு ஏறியிருக்கிறது. பாதியால் ஏறியதா, எப்படியும் ஏறியிருக்குமா, யாராலும் சொல்ல முடியாது. "தெரியலைம்மா" என்றாள். ஆறுதலுக்காகக்கூட வேறு மாதிரி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பொய் சொல்ல வராத பிள்ளையை வளர்த்தவள் அவள்தானே.

வேன்காரர் எழுந்து நோட்டின்மேல் கையை வைத்தார். "இது இந்த வீட்டை விட்டுப் போகாது."

"அண்ணா, கையை எடு," என்றாள் தங்கை. சத்தமில்லாமல்தான் சொன்னாள். அவர் எடுத்துவிட்டார்.

"இதுல பேர் இல்லாம நீங்க கொண்டுபோனா ஒத்துக்குவாங்களா அண்ணி?"

'ஒத்துக்குவாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். நாக்கம்மாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இருபது வருடம் பின்னிவிட்ட தலை எதிரே குனிந்திருந்தது.

"மாட்டாங்க," என்றாள். "எழுதினவங்க ஒவ்வொரு பக்கமும் கையெழுத்துப் போடணும். தேதியோட."

நாத்தனார் அண்ணியின் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் போட்டாள். இரண்டாவதில் போட்டாள். பரீட்சைப் பேப்பரில் போடுகிற மாதிரி நிதானமாக, கீழே கோடு இழுத்து, தேதியோடு. வேன்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாக்கம்மா ஒவ்வொரு பக்கமாக மை காயும்வரை பிடித்திருந்து, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கடைசிப் பக்கம் வந்தது. பேனா அதன்மேல் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

நாத்தனார் மூடியைத் தேடி எடுத்துப் பேனாவை மூடினாள்.

"இந்தப் பக்கம் மட்டும் இருக்கட்டும் அண்ணி. நாளைக்கு மூணு மணிக்குள்ள போட்டுடறேன். முதல்ல அந்த அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கழற்றிய செருப்பையே மறுபடி மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க அவள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே போகலாமா என்று நாக்கம்மா எழுந்தாள். காலையில் நாக்கில் விட்டுக்கொண்ட கசப்பு இன்னும் அடியில் உட்கார்ந்திருந்தது. மேசைமேல் தண்ணீர் இருந்தது. அவள் குடிக்கவில்லை.